உங்கப்பாவைக் கேளு, உங்கம்மாகிட்ட சொல்லு

“உங்கப்பாவுக்குச் சட்னி போதுமான்னு கேளு.”

அம்மா அடுப்பைப் பார்த்து நின்றபடி சொன்னாள். அப்பா அவளுக்குப் பின்னால் தரையில் சம்மணமிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே மூன்றடி இருந்தால் அதிகம். நான் வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினேன்.

“அப்பா, சட்னி போதுமான்னு அம்மா கேக்குறாங்க.”

“போதும்னு சொல்லுத்தா.”

“போதுமாம்மா.”

அம்மாவுக்கு அது முதல் தடவையே கேட்டிருக்கும். அடுத்த போர்ஷன்காரருக்கே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் அவள் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். தாளித்த கடுகின் வாசனையில் என் வாயிலிருந்த பேஸ்ட் நுரைகூட உறைத்தது. வெளியே அப்பாவின் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அப்பா கையைக் கழுவிக்கொண்டு, “போய்ட்டு வர்றேன்னு சொல்லிரு” என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

“போய்ட்டு வர்றாராம்மா.”

“காது இருக்குது எனக்கு” என்றாள் அம்மா.

இப்படி ஏழு மாதம் ஓடியது. ஓசூரில், மூன்று போர்ஷன் கொண்ட ஒரு வாடகை வீட்டின் நடு போர்ஷனில், என்னைப் பெற்றவர்கள் என் வழியாக மட்டும் குடும்பம் நடத்திய ஏழு மாதம். அதே ஏழு மாதம்தான் நான் கல்லூரியில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேச வேண்டும் என்பதை ஒரு பாடமாக, தேர்வு எழுதி, படித்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதலாமா என்று இருவரிடமும் போனில் கேட்டேன். அம்மா, “உங்கப்பாவைக் கேட்டுக்கோ” என்றாள். அப்பா, “உங்கம்மா என்ன சொன்னா?” என்றார். ஆகவே அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன். இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

கடைசி பெஞ்சின் ஏமாற்றம்

பெருந்தொற்று அடங்கி, கல்லூரிகள் மறுபடி திறந்திருந்த காலம். நான் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. விருப்பப் பாடமாக இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். ஒன்று அலுவலக நிர்வாகம். இன்னொன்று ‘இன்டர்பெர்சனல் கம்யூனிகேஷன் அண்டு ரிலேஷன்ஷிப்ஸ்.’ அறிவிப்புப் பலகையில் கடைசிச் சொல்லைப் படித்ததும் வகுப்பு மொத்தமும் கைதூக்கிவிட்டது. குறிப்பாகக் கடைசி பெஞ்ச். வருகைப் பதிவேடு என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்த பையன்கள் முதல் வகுப்புக்குத் தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்கள்.

பத்மஜா மேடம் உள்ளே வந்தார். வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ், கரும்பலகையில் ஆங்கிலம், கேன்டீன்காரரிடம் கன்னடம் என்று நாலு மொழியில் புழங்குபவர். “ரிலேஷன்ஷிப்னா என்ன, யாராவது சொல்லுங்க” என்றார். பாதிப் பேர் வெட்கப்பட்டார்கள். மீதிப் பேர் வெட்கப்பட்டவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“உங்க அம்மா உங்களுக்கு ரிலேஷன்ஷிப்தானே? அங்கிருந்து ஆரம்பிப்போம்” என்றார் மேடம்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. அடுத்த வாரம் அங்கே பாதி பெஞ்ச் காலி.

மேடத்தைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஸ்டாஃப் ரூமில் அவருக்குப் பக்கத்து நாற்காலி வணிகவியல் மேடத்துடையது. இருவரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் யாருக்கும் தெரியாது. ஃபேன் ரெகுலேட்டர் வணிகவியல் மேடத்தின் தலைக்கு மேலே இருந்தது. நோட்டு வைக்கப் போகும் மாணவிகளிடம் பத்மஜா மேடம் மெதுவாகச் சொல்வார்: “அந்த மேடத்துகிட்ட ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா.” மனிதத் தொடர்பு பாடம் எங்களுக்கு இவரிடம்தான்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் கிடைத்த பயிற்சியால் அந்த வேலையை நான் மற்ற மாணவிகளைவிடச் சுத்தமாகச் செய்தேன்.

ரசவாளியோடு நின்ற அம்மா

சண்டை வந்த கதைக்கு வருகிறேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் திருமங்கலம் பக்கம். இருபது வருடத்துக்கு முன் ஓசூர் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்து, ஒரு கம்பெனியில் மெஷின் செட்டராக ஆனவர். அம்மா பாரூர்க்காரி. ஏரித் தண்ணீர் பாய்ந்த நெல்வயலில் வளர்ந்தவள், சூளகிரியில் ஒயர் பின்னும் கம்பெனியில் சேர்ந்து, அப்போதுதான் லைன் லீடர் ஆகியிருந்தாள். அவளுக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள். வீட்டில் யாரும் தன் பேச்சைக் கேட்காத குறையை அவள் அந்த இருபத்திரண்டு பேரிடம் தீர்த்துக்கொண்டிருந்தாள் என்பது என் கருத்து.

திருமங்கலத்தில் ஒரு காதுகுத்து. அம்மா பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, இலையில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்து, “பொங்கலுக்கு அப்புறம் இங்கனயே வந்துர்றீகளாம்ல? தம்பி சொன்னான். அண்ணனோட சேந்து லேத்துப் பட்டறை போடப் போறானாம்ல?” என்று கேட்டாள்.

அம்மாவுக்கு அது புதுச் செய்தி. அதுவும் ரசவாளியோடு நிற்கும்போது, அறுபது பேர் முன்னால். “ஆமாங்க அண்ணி” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டாள். அந்த ‘ஆமாங்க’தான் அங்கே அவள் பேசிய கடைசி வார்த்தை. திரும்பி வரும் பஸ்ஸில் சேலம் தாண்டி, தொப்பூர் மேடு ஏறி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரும் வரைக்கும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். சூளகிரி தாண்டியபோதுதான் வாய் திறந்தாள்.

“பாப்பா, உங்கப்பாவை அந்தப் பையை எடுத்துக்கச் சொல்லு.”

அப்படித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. மனு போடவில்லை, நேர்முகம் இல்லை.

அப்பா அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவரும் முறுக்கிக்கொண்டார். தன் சொந்த ஊருக்குப் போவதற்குக்கூட ஒருவரிடம் கேட்க வேண்டுமா என்று அவருக்குக் கோபம். தன் வேலையை விடுவதற்குத் தன்னிடம் கேட்க வேண்டாமா என்று அம்மாவுக்குக் கோபம். இரண்டுமே நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியும் பார்த்தேன். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

வழியும் நானே, இரைச்சலும் நானே

ஒருநாள் வகுப்பில் மேடம் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டார். சொல்பவர், செய்தி போகும் வழி, கேட்பவர். நாலாவது கட்டத்தில் ‘இரைச்சல்’ என்று எழுதினார். செய்தி போகிற வழியில் சேர்ந்து, அதைக் கெடுத்துவிடுகிற எல்லாமே இரைச்சல் என்றார். நான் அதை நோட்டில் வரைந்தேன். வழி என்ற கட்டத்துக்குள் என் பெயரை எழுதினேன். கொஞ்சம் யோசித்து, இரைச்சல் கட்டத்துக்குள்ளும் என் பெயரையே எழுதினேன்.

ஏனென்றால் நான் சும்மா கடத்தவில்லை, திருத்தினேன்.

அம்மா சொல்வாள்: “அந்த மனுசனுக்குக் கண்ணு இருக்குதா இல்லையா? ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டுப் போயிருக்காரு.”

நான் அப்பாவிடம் போய்: “துண்டு ஈரமா இருக்காம்ப்பா. உங்களுக்குச் சளி புடிச்சுக்குமேன்னு அம்மா கவலைப்படுறாங்க.”

அப்பா சொல்வார்: “புடிச்சா புடிக்கட்டும், அவளுக்கென்னவாம்.”

நான் அம்மாவிடம் வந்து: “இனிமே பாத்துக்கிறாராம்மா.”

ஆரம்பத்தில் வீடு எரியாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தேன். பிறகு ருசி கண்டுவிட்டது. மைசூருக்குக் கல்லூரிச் சுற்றுலா வந்தபோது அம்மாவிடம், “அப்பா போகச் சொல்லிட்டாரு, நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டாரு” என்றேன். அப்பாவிடம், “அம்மாவுக்குச் சம்மதம், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க” என்றேன். மற்றவர் சரி என்று சொல்லிவிட்ட பிறகு தான் மட்டும் மறுத்துக் கெட்ட பெயர் வாங்க இருவருக்குமே மனமில்லை. பத்தே நிமிடத்தில் அனுமதி. வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஏழு மாதம்போல என் காரியங்கள் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை.

வகுப்புத் தோழி நாகவேணியிடம் மட்டும் சொன்னேன். அவள் அஞ்செட்டி மலைப்பக்கம், நாட்றாம்பாளையம். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். “எங்க வீட்டுல சண்டைன்னா கன்னடம், சமாதானம்னா தமிழு. எங்கப்பா தமிழ்ல பேச ஆரம்பிச்சாலே அம்மா சோறு போட எழுந்துடுவாங்க. நடுவுல ஆளெல்லாம் வெக்க மாட்டாங்க” என்றாள். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, “நீ மாட்டப் போறே மாலினி” என்றாள். அவள் வாய்முகூர்த்தம்.

போனில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முதலில் செய்தி அனுப்புகிறவர் தோற்றவர் என்று இருவருமே நினைத்தார்கள். ஆனால் அம்மா தினமும் ஸ்டேட்டஸ் வைத்தாள். சூரிய உதயப் படம், அதன்மேல் மரியாதையைப் பற்றியோ மதிப்பைப் பற்றியோ இரண்டு வரி. வைத்துவிட்டு, யார் பார்த்தார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பாள். பட்டியலில் முதல் பெயர் எப்போதும் அப்பாவுடையது. அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவர் பார்த்துவிட்டார், அவளுக்கு அன்றைக்கு அது போதும்.

கையெழுத்துப் போடும் வம்சம்

அந்தப் பாடத்துக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு உண்டு. அதில் மூன்றாவது பயிற்சி இப்படி: வீட்டில் இருவர் பேசிக்கொள்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். எழுதியது சரிதான் என்று பேசிய இருவரும் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

என் வீட்டில் இருவர் பேசிக்கொண்டால் அல்லவா எழுதுவதற்கு? ஆகவே நானே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஓர் உரையாடலைத் தயாரித்தேன். அதில் அப்பா அம்மாவிடம், “உன் கருத்து என்ன?” என்று கேட்கிறார். அம்மா, “நீங்கள் எடுக்கும் முடிவு சரியாகத்தான் இருக்கும்” என்கிறாள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

கையெழுத்து வாங்குவது இன்னும் சுலபமாக இருந்தது. அப்பாவின் கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது ஒரு பதிவேடு கைமாறும். எந்த மெஷினில் என்ன தொல்லை என்று போகிறவர் எழுதி வைப்பார், வருகிறவர் கீழே கையெழுத்துப் போடுவார். இருபது வருடமாக அப்பா அதைப் படித்ததே இல்லை. “நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள முந்தின ஷிப்ட்காரன் பஸ்ஸை விட்டுருவான்த்தா” என்பார். நோட்டை நீட்டினேன். “எங்க போடணும்?” என்றார். போட்டார்.

அம்மா அப்படியல்ல, எதையும் படித்துவிட்டுத்தான் போடுகிறவள். ஆனால் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படிக்கிற கண்ணாடி. அது அப்போது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘கண்ணாடியைக் கேளு’ என்று என்னிடம் சொல்லவும் அன்று அவளுக்கு மனமில்லை. படிக்காமலே போட்டுவிட்டாள்.

இருவர் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொய்யாக இருந்தாலும்.

ஒரு கறாரான பொய்

பொங்கல் நெருங்கியது. ஒரு புதன்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“உங்கம்மாகிட்ட ஒரே முடிவா கேட்டுட்டு வா. ஊருக்கு வர்றாளா, இல்லையா? திங்கக்கிழமை நான் கம்பெனில லெட்டர் குடுக்கணும்.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். அவள் தண்டை ஒடிப்பதை நிறுத்தவே இல்லை.

“வரமாட்டேன்னு சொல்லு. அவரு போறதுன்னா போவட்டும். நான் எம்பொண்ணை வெச்சுக்கிட்டு இங்கியே இருந்துக்குவேன்.”

அதுவரை நான் கடத்தியதெல்லாம் துண்டும் சட்னியும். இதைக் கொண்டுபோய்ச் சொன்னால் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று குடும்பம் இரண்டாகப் போய்விடும். அவர் கோபக்காரர், வீம்புக்கே கிளம்பிவிடுவார். இரண்டு வாரத்தில் எனக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அதுவரைக்கும் தள்ளிப்போட்டால் போதும், அதற்குள் ஏதாவது ஒன்று நடக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் இனிப்பாகச் சொன்னால் அப்பா நம்பமாட்டார் என்று எனக்கு ஏனோ பட்டது. அம்மாவின் குரலிலேயே, அவள் மூஞ்சியைச் சுளிப்பதுபோலவே சுளித்துக்கொண்டு சொன்னேன்:

“‘வர்றேன்னு சொல்லித் தொலை. தெனம் இதே நச்சரிப்பு’ன்னாங்கப்பா.”

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. ஏழு மாதத்தில் நான் கொண்டுபோன சர்க்கரைச் செய்திகள் ஒன்றுக்கும் மலராத முகம்.

அம்மாவிடம் திரும்பிப் போய், “யோசிக்கிறேன்னு சொன்னாரும்மா” என்றேன். அவள் கீரையைக் கீழே வைத்தாள். “யோசிக்கிறேன்னா சொன்னாரு?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பாரூர்க்காரிக்குக் கருவாட்டு வாசனையே ஆகாது, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டுதான் வைப்பாள். தன்னைப் பற்றி யோசிக்கிற மனுஷனுக்காக வைத்தாள். ஊருக்கு வரச் சம்மதித்ததற்கு அடையாளம் என்று அப்பா நினைத்தார். மூன்று தடவை குழம்பு ஊற்றிக்கொண்டார். சந்தோஷத்தில் துண்டைக் கொடியில் போட்டார். அவர் துண்டைக் கொடியில் போட்டதைப் பார்த்த அம்மா அன்றைய ஸ்டேட்டஸில் ரோஜாப் பூ வைத்தாள். வீடு அவ்வளவு நன்றாக இருந்தது. இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பேசாதது ஒன்றுதான் பாக்கி. அந்த மூன்று நாளும் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மாலை அப்பா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

“இங்கிலீசு சரியா இருக்கான்னு பாருத்தா. நீதான் அதுல பி.ஏ. படிக்கிற.”

அவருடைய ராஜினாமாக் கடிதம். இருபது வருட வேலை எட்டு வரியில் இருந்தது. ‘குடும்பத்தினரின் முழுச் சம்மதத்துடன்’ என்று ஒரு வரி. நான் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். பிழையே அந்த வரிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சொன்னதும் சேர்ந்ததும்

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில் இருந்தார்கள். நான் ரெக்கார்டு நோட்டில் அந்தப் பொய் உரையாடலைக் கிழித்தேன். புதுப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ‘சொன்னது’ என்றும் வலப்பக்கம் ‘சேர்ந்தது’ என்றும் எழுதினேன். ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் எழுதினேன். துண்டு, சளி, மைசூர். கடைசியில் புதன்கிழமை.

வாயால் சொல்லியிருக்கலாமே என்றால், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. என் வாயை எனக்கே நம்பிக்கையில்லை, சொல்ல ஆரம்பித்தால் அதையும் திருத்திவிடுவேன்.

அப்பா டி.வி. முன்னால் இருந்தார். அம்மா சற்றுத் தள்ளிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டை நீட்டினேன். அப்பா பேனாவுக்குக் கை நீட்டினார்.

“எங்க போடணும்?”

“படிச்சுட்டுப் போடுங்கப்பா.”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. கண்ணாடியைப் போட்டார்.

“சத்தமாப் படிங்கப்பா. அம்மாவும் கையெழுத்துப் போடணும். கண்ணாடி ஒண்ணுதான இருக்கு.”

படித்தார். முதல் வரி துண்டு. “‘அந்த மனுசனுக்குக் கண்ணு இருக்குதா இல்லையா...’” அம்மாவின் கை பூண்டில் நின்றது. “‘அம்மா கவலைப்படுறாங்க’...” இரண்டாவது வரி, மூன்றாவது வரி. அப்பாவின் குரலில் சிரிப்பு வருவதா வேண்டாமா என்று நின்றது. மைசூரைப் படித்தபோது கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு புதன்கிழமை வந்தது.

“‘வரமாட்டேன்னு சொல்லு. அவரு போறதுன்னா போவட்டும். நான் எம்பொண்ணை வெச்சுக்கிட்டு...’”

அதற்கு மேல் படிக்கவில்லை. வலப்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி இடப்பக்கத்தையும், அதற்குக் கீழே ‘யோசிக்கிறேன்’ என்றிருந்த வரியையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

அம்மா எழுந்து வந்து நோட்டைப் பிடுங்கினாள். அப்பாவின் கையிலிருந்து கண்ணாடியையும் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். படித்துவிட்டு அப்பா முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

“என்னங்க, நான் எப்பங்க வர்றேன்னு சொன்னேன்?”

ஏழு மாதத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

“நான் எப்ப புள்ள யோசிக்கிறேன்னு சொன்னேன்?” என்றார் அப்பா.

இரண்டாவது வாக்கியம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அதற்குப் பிறகு வந்த வாக்கியங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. பாரூர்த் தமிழும் திருமங்கலத் தமிழும் கலந்து இரண்டு பக்கமும் வந்தது. அம்மா பாதியில் நிறுத்தினால் அப்பா அங்கிருந்து எடுத்தார், அவர் மூச்சு வாங்கினால் அம்மா எடுத்தாள். அத்தனை ஒற்றுமையாக அவர்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அழுதேன். பாதி பயத்தில், பாதி நிம்மதியில்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அம்மா கேட்டாள்: “அவதான் சின்னப்புள்ள. நீங்க எப்பிடி நம்புனீங்க?”

“மத்ததெதையும் நம்பலையே. எல்லாம் இவ சொந்தச் சரக்குன்னு தெரியும். எனக்குச் சளி புடிச்சுக்கும்னு கவலைப்பட்டியாம்! இருபது வருசத்துல நீ என்னைக்குப் பட்ட?” என்றார் அப்பா. “‘சொல்லித் தொலை’ன்னா பாரு, அதான் உன் பேச்சாட்டமே இருந்துச்சு. அதை நம்பிட்டேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“எனக்கு மட்டும் தெரியாதா? ‘பாத்துக்கிறாராம்’னு தெனம் வந்து சொல்லுவா. நீங்க எதைப் பாத்துக்கிட்டீங்க? அப்ப தெரிஞ்சேவா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“கேக்க நல்லாருந்துச்சு” என்றார்.

அம்மா அவருக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மூன்றடி அரை அடியானது. நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன், பயிற்சி மூன்று இப்போதுதான் உண்மையில் நடந்துகொண்டிருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. ரசவாளியோட நின்னேங்க அன்னிக்கி.”

“கேட்டா வேணாம்னு சொல்லுவ. அதான் கேக்கல.” அப்பாவே தொடர்ந்தார். “கம்பெனில இப்ப எல்லாம் சின்னப் பயலுக. என்னைய டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுறாய்ங்க. ஊர்ல போயி எறங்குனா பஸ் ஸ்டாண்டுல இருந்தே ‘அண்ணே’ங்கிறான். அம்புட்டுத்தான்.”

“இதை ஏன் எங்கிட்ட சொல்லல?”

“யாரு மூலமாச் சொல்ல?” என்று அப்பா என்னைக் காட்டினார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். “எழுதறதை நிறுத்துடி முதல்ல. போ, நாகவேணியோட ஹாஸ்டலுக்குப் போயிட்டுப் பொழுது சாய வா.”

என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஏழு மாதத்தில் முதல்முறையாக எனக்கு அந்த வீட்டில் வேலை இல்லாமல் போனது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மிச்சம் இருந்த பக்கம்

வைவாவில் பத்மஜா மேடம் என் நோட்டை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், “ஏம்மா இது பாதியில நிக்குது?” என்றார்.

“வெளிய அனுப்பிட்டாங்க மேடம்.”

இன்னும் சிரித்தார். முழு மதிப்பெண் போட்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “அந்த மேடத்துகிட்ட ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா” என்றார்.

சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

இப்போது நான் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் மனிதவளத் துறையில் இருக்கிறேன். தொழிலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் சண்டை என்றால் என்னிடம்தான் வருவார்கள். ‘அவரிடம் சொல்லுங்கள்’ என்று யார் சொன்னாலும் எழுந்து போய் அவரைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்துவிடுவேன். பட்டது போதும்.

அப்பா ஓய்வு பெறும்வரை ஓசூரிலேயே இருப்பது, அதற்குப் பிறகு ஊரா இங்கேயா என்பதை அப்போது பேசிக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. அணைக்கட்டில் இருவரும் நிற்கும் படத்தோடு ‘ஓய்வு வரைக்கும் ஓசூர்தான்’ என்று அம்மா வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமைக் காலை எதுவும் முடிவாகியிருக்கவில்லை. கடிதம் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது, அம்மா அது பறக்காமல் இருக்க உப்பு ஜாடியை எடுத்து அதன்மேல் வைத்திருந்தாள். அப்பா கடிதத்தையும் பார்த்தார், ஜாடியையும் பார்த்தார், சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் வாயில் பிரஷ்ஷோடு வழக்கமான இடத்தில் வந்து நின்றேன்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

“சட்னி போதுங்களா?”

ஏழு மாதமாக ஒருநாள் விடாமல் போதும் என்று சொன்ன மனிதர் தட்டை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார்.